கேளாத காது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், நம் ஊரொன்றின் பெயரையே தற்செயலாகத் தாங்கிய சேலம் என்னும் குடியிருப்பில், 1692-ஆம் வருஷம் சில சிறுமிகள் காரணம் விளங்காத வலிப்பினால் துடித்து அலறத் தொடங்கியபோது, தெய்வபக்தியில் சற்றும் குறைவில்லாத அவ்வூர் ஜனங்கள் சூனியக்காரிகளைத் தேடப் புறப்பட்டார்கள்.

சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்றவர்கள் பிழைத்தார்கள். பொய் சொல்ல மனம் ஒப்பாதவர்களே தூக்குமேடை ஏறினார்கள் என்பது அந்த விசாரணையின் விபரீதம். எழுபது வயது கடந்த ரெபெக்கா நர்ஸ் என்னும் மூதாட்டியை ஜூரிகள் முதலில் நிரபராதி என்றே தீர்ப்பளித்தனர். உடனே சிறுமிகள் கூக்குரலிட, பிரதம நீதிபதி ஸ்டௌட்டன், கிழவி முன்பு உதிர்த்த ஒரு வார்த்தையைச் சுட்டிக்காட்ட, அதற்கு என்ன அர்த்தம் என்று ஜூரிகளின் தலைவர் கேட்டார். காது மந்தமான அவளுக்குக் கேள்வியே விழவில்லை. அந்த மௌனமே குற்றத்துக்குச் சாட்சியாயிற்று. ஜூலை 19-ஆம் தேதி அவளைத் தூக்கிலிட்டார்கள். அவ்வாறு மாண்டவர் மொத்தம் 19 பேர். வழக்கை ஏற்கவே மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரோ மார்பின்மேல் கற்களை அடுக்கி நசுக்கப்பட்டார். அண்டை வீட்டாரின் பழைய எல்லைத் தகராறுகளும் இந்தப் பக்தியோடு கலந்திருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1697 ஜனவரியில், பாஸ்டன் தேவாலயத்தில், நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் ஸூவல், தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த சீட்டைப் பாதிரியார் சபையோர்முன் வாசித்து முடிக்கும்வரை எழுந்து நின்று, முடிந்ததும் தலைவணங்கினார். ஸ்டௌட்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.