ஆவடிச் சீருடையும் ஓர் இரும்புக் காலும்

ஆவடியில் 1961-இல் படைத்துறை உடைத் தொழிற்சாலை தொடங்கியது. 2021 அக்டோபர் முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே தைக்கப்படும் ராணுவச் சீருடையைப் பற்றி எழுதுவோர் துணியையும் நிறத்தையும் பேசுவார்கள். தையல் எந்திரத்தின் ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் காலான ஃபுட்டைக் கண்டுகொள்வதில்லை. பலர் கையில் தைபடும் சட்டைகளை ஒரே சட்டையாக்கும் கருவி அதுதான் என்பேன். வெட்டும் அளவே போதாதா என்று கேட்கலாம். அளவு துணித் துண்டுகளை மட்டுமே ஒரே மாதிரியாக்கும். காலரின் ஓரத்திலிருந்து தையல் எங்கும் ஒரே தூரத்தில் ஓட, இரண்டு விரல்களில் ஒன்று ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும் ஃபுட் வேண்டும். துணியின் விளிம்பே அதற்கு வேலியாகிறது.

இதனால் தையல்காரரின் திறமை மங்கிவிட்டது என்பது வலுவான வாதம்தான். கண்ணால் கணித்த தூரத்தை இரும்பு எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் ஓரம் மடிக்கும் ஃபுட்டின் சுருள் வாய்க்குள் துணியை ஊட்டிப் பாருங்கள்: நேர் ஓரத்தில் வழுக்கிப் போகும், பக்கத் தையல் குறுக்கிடும் தடித்த இடத்தில் சிக்கும். அங்கே மிச்சத் துணியைச் சாய்வாக நறுக்கி, ஃபுட்டைச் சற்றே தூக்கி, மடிப்பை விரலால் நுழைப்பவர் தையல்காரர். ஆவடியில் மட்டுமல்ல, அம்பத்தூரின் ஏற்றுமதி ஆடைக்கூடங்களிலும் அந்தத் தடித்த இடத்தைக் கடக்கும் கைக்குத் தனிக் கூலி தருவதே நியாயம்.