துரான்சு ஆறும் தண்ணீருக்கடியில் போன ஊர்களும்

1961ஆம் ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் வகுப்புச் சுவரில் பிரான்சு வரைபடம் ஒன்று தொங்கும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் துரான்சு அதில் ஒரு மெல்லிய நீலக் கோடு. ஒருநாள் பூகோளம் நடத்திய மிசே, நீலச் சாக்பீசால் அந்தக் கோட்டின் மேல் ஒரு திட்டுப் போட்டார். "படம் பழசு. இப்போது இங்கே ஏரி இருக்கிறது" என்றார்.

இத்தாலி எல்லையருகே பிறந்து, அவிஞோன் பக்கம் ரோன் நதியில் சேரும் ஆறு அது. வாடைக்காற்று, நீதிமன்றம், துரான்சு மூன்றுமே தங்களைப் பிடித்த பீடை என்று புரோவான்சு மக்கள் சொல்வதுண்டு. 1843, 1856 வெள்ளங்களுக்குப் பிறகு அணை கட்டும் பேச்சு எழுந்தது. செர்-போன்சோன் இடுக்கில் துளை போட்டுப் பார்த்தால், 100 மீட்டருக்கும் கீழேதான் பாறை. மேலெல்லாம் மணலும் கூழாங்கல்லும். பேச்சு அப்படியே நின்றது.

போருக்குப் பிறகு வழி பிறந்தது. நடுவில் களிமண் சுவர் வைத்த மண் அணை; அடியில் உள்ள மணலுக்குள் சிமெண்டுக் கலவையைச் செலுத்தி நீர்க்கசிவைத் தடுப்பது. 1955 ஜனவரி 5இல் சட்டம் வந்தது. 123 மீட்டர் உயரம். கொள்ளளவு 127 கோடி கன மீட்டர். அதில் 20 கோடி விவசாயிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். இதை நான் மெச்சுகிறேன். மின்சாரம் வந்தால் உழவனை மறப்பதுதானே வழக்கம்!

ஆனால் சவின், உபாய் என்ற இரண்டு ஊர்கள் போயின. ஆயிரம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சவின் மட்டும் கரைமேல் புதிதாக எழுந்தது. உபாய் எழவேயில்லை. பின்னாளில் நில எடுப்புக் கோப்புகள் எழுதிய குமாஸ்தா நான். நஞ்சை, புஞ்சை, கிணறு, தென்னை எல்லாவற்றுக்கும் கலம் உண்டு. திண்ணைக்குக் கலம் கிடையாது. ஒரு பெரியவர் அதைக் கேட்டார்; பதில் சொல்ல முடியாமல் கோப்பைக் கட்டினேன்.

மின்நிலையங்களைக் கடந்த தண்ணீரை 1966 முதல் பேர் உப்பேரியில் விட்டார்கள். அந்த ஏரியின் மீனும் பாசியும் கெட்டன. 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

பனி உருகுமுன் செர்-போன்சோனில் நீர் இறங்கும்போது, ஒரு பழைய இரயில் பாலம் வெளியே தெரியுமாம். அந்தப் பாதையை முடிக்கவேயில்லை. பாலத்தின் மேல் ஒரு வண்டிகூட ஓடியதில்லை.