தேர்தல் அறிக்கைகளும் பொருட்பகுப்பும்

பல நாட்டுக் கட்சிகளின் கொள்கைகளை ஒரே அளவுகோலால் ஒப்பிடல் இயலுமா? 1979-இல் ஐரோப்பாவில் தோன்றிய தேர்தல் அறிக்கை ஆராய்ச்சிக் குழுவினர், அறிக்கைகளைத் தனித்தனிக் கருத்துடைய கூற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 56 பொருள்வகைகளுள் ஒன்றில் அடக்கினர். அடங்காதவற்றைத் தனியே ஒதுக்கினர். ஒரு வகை பெற்ற விழுக்காடே கட்சி அதற்கு அளித்த முதன்மையைக் காட்டும் என்பது அவர்தம் கோட்பாடு. படைவலிமையை வேண்டுவதற்கு 104, அதனைக் குறைக்க வேண்டுவதற்கு 105 என்பன குறியெண்கள். ஆயின், வேலைவாய்ப்பின் பொருட்டுப் படைக்கலத் தொழிலை வளர்ப்போம் என்னும் கூற்று எவ்வகையின்பாற்படும்? இவ்விடத்துக் குறியிடுவோர் உரையாசிரியராகின்றனர். 2012-இல் மிக்கைலோவ், லேவர், பெனாய்ட் ஆகியோர் ஒரே பகுதியைப் பலரிடம் அளித்து ஆராய்ந்தபோது, குறியிட்டோர் பலவிடத்து வேறுபட்டனர். எனவே, எண்ணோடு மூலமும் பேணப்படல் வேண்டும் என்பது எம் துணிபு. உரை பிழைபடினும், மூலம் இருப்பின் திருத்தலாகும்.