பீடத்தை அணிசெய்யும் மலர்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை



திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலர் புதிதன்று. நிலக்கோட்டைப் பகுதியில் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கும் கைகளும், பூச்சந்தையில் கூடை இறக்கும் தோள்களும் நம்மவருடையவையே. அம்மலரை ஆலயத்தில் எங்கே, என்று, எவ்வாறு வைப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1570-இல் புனித ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலி நூல் வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா, கறுப்பு என வழிபாட்டு உடைகளின் நிறங்களை வரையறுத்தது. 1600-இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் வெளியிட்ட ஆயர் சடங்கு நூல், பீடத்தின்மேல் மெழுகுதிரித் தண்டுகளுக்கிடையே சிறு பூச்சாடிகள் வைக்க இடந்தந்தது. அந்நாளில் பீடம் சுவரையொட்டி நின்றது. குருவும் மக்களும் ஒரே திசை நோக்கினர். எனவே சாடிகள் எதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. அதன் பின்னர் குரு மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்றலானார்; பீடத்தின்மேல் உயர்ந்த மலர்க்கொத்து இருந்தால் அது பலியையே மறைக்கும். ஆகவே மலர் பீடத்தைச் சுற்றி, அளவோடு இருக்கவேண்டும் என்று இன்றைய திருப்பலி விதிமுறை கூறுகிறது. 1969-இல் இந்தியத் திருச்சபை கேட்ட 12 மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. அதனால் மலர், தூபம், தீபம் கொண்ட ஆரத்தி திருப்பலியில் இடம்பெற்றது. நம் வீட்டு வாசலில் விருந்தினரை வரவேற்ற மரபு, ஆலயத்துள்ளும் உரிமை பெற்றது.

நம் மாலைக் கலைக்கும் இலக்கணம் உண்டு. மல்லிகையை வாழைநாரில் இருபுறமும் பார்க்கத் தொடுப்பார்கள். சம்பங்கியையும் அரளியையும் ஊசிநூலில் கோப்பார்கள். சிவப்பு ரோஜாவுக்கு இடையே பச்சை மரிக்கொழுந்து வைத்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும்; எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஊதாவுக்கு மஞ்சளும் அப்படியே. வெளிச்சம் குறைந்த ஆலயத்தில் வெண்மையும் மஞ்சளும் தொலைவிலும் தெரியும். ஊதா இருளில் அமிழ்ந்துவிடும். சப்பரம் சோடிப்போர் இதைப் படித்து அறியவில்லை, பழகி அறிந்தார்கள்.

ஆயினும் மலரில்லாப் பீடமும் நமக்குப் பாடம் புகட்டும். திருவருகைக் காலத்தில் மலர் குறைகிறது. தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாள்களும் நீங்கலாக, மலரே இல்லை. அந்த வெறுமையைக் கண்டவருக்கே பாஸ்கா இரவின் மலர்கள் பேசும். ஆண்டு முழுதும் வாடாத பிளாஸ்டிக் பூ நிற்கும் ஆலயத்தில் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?

யூபிலி நாளில் அலங்காரம் பெருகுவது இயல்பே. பீடம் மலருக்குள் புதைந்துவிடாதிருக்கட்டும். நம் வயலில் பூத்து, நம் கையால் தொடுத்த ஒரு முழம் மல்லிகை போதும். மறுநாள் அது வாடும். வாடுவதையே காணிக்கையாக்குகிறோம், ஏனெனில் நம் நாள்களும் அத்தகையவையே.