தோரோட்ராஸ்ட்

தோரோட்ராஸ்ட் என்பது 1930களிலும் 1940களிலும் உலகின் பல நாடுகளில் விற்பனையான மாறுபாட்டு ஊடகம் ஆகும். எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தக் குழாய்களும் மென்மையான உறுப்புகளும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோலவே தெரியும். கதிர்களைத் தடுக்கும் பொருள் ஒன்றை உட்செலுத்தினால் அவை தனித்துத் தெரியும். அப்பொருளே மாறுபாட்டு ஊடகம் எனப்படுகிறது.

சந்தைக்கு வந்த விதம்

போர்த்துக்கல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927இல் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தார். அக்கால அயோடின் கரைசல்கள் நோயாளிகளுக்கு வலியையும் வேறு தீய விளைவுகளையும் தந்தன. இந்நிலையில் ஜெர்மனியின் ஹைடன் நிறுவனம் தோரியம் டைஆக்சைடு கூழ்மத்தைத் தோரோட்ராஸ்ட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. மோனிஸும் 1931 முதல் இதற்கு மாறினார். படம் மிகத் தெளிவாக இருந்தது. செலுத்தும்போது வலி இல்லை. உடனடிப் பக்கவிளைவுகளும் குறைவு. எனவே மருத்துவர்கள் இதை விரும்பி வாங்கினர்.

எச்சரிக்கையும் பாதிப்பும்

தோரியம் கதிரியக்கத் தனிமம் என்பது 1898 முதலே அறியப்பட்டிருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று 1932இலேயே இம்மருந்தின் ஆபத்தை எச்சரித்தது. ஆயினும் விற்பனை நிற்கவில்லை. காரணம், இதன் தீங்கு உடனே வெளிப்படுவதில்லை. உடலால் வெளியேற்ற இயலாத தோரியம் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தங்கி, வாழ்நாள் முழுவதும் ஆல்பா துகள்களை உமிழ்ந்தது. தோரியம்-232இன் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். மருந்து செலுத்தப்பட்டுப் பல ஆண்டுகள், பலருக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கல்லீரல் புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் தோன்றின. 1950களில் இதன் பயன்பாடு கைவிடப்பட்டது. ஜெர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், ஜப்பான் நாடுகளில் நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் பாதிப்பை உறுதிசெய்தன. ஜப்பானில் இவர்களுள் பலர் போரில் காயமடைந்த படைவீரர்கள்.

மாற்று ஊடகங்கள்

சிறுநீர் வழியே வெளியேறும் அயோடின் சேர்மமான யூரோசெலக்டான் 1929இலேயே பெர்லினில் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. அவ்வழியில் உருவான மேம்பட்ட அயோடின் ஊடகங்களே பின்னர் சந்தையைப் பிடித்தன. சுவீடன் மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேனின் ஆய்வுகளால் வலி குறைந்த, அயனியல்லாத வகைகள் உருவாயின. 1980களில் வந்த அயோஹெக்சால் அவற்றுள் ஒன்று.

ஒரு மாறுபாட்டு ஊடகம் எவ்வளவு தெளிவான படம் தருகிறது என்பதோடு, அது உடலை விட்டு முழுமையாக வெளியேறுகிறதா என்பதும் இன்று ஆராயப்படுகிறது. எம்.ஆர்.ஐ. படங்களுக்குப் பயன்படும் கடோலினியம் மூளையில் சிறிதளவு தங்குவது கண்டறியப்பட்டதும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல், ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் அவ்வகை ஊடகங்கள் சிலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.