எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள்?
எல்லைக் கேள்விகளின் வரலாறு



நமது மஹல்லா அமைந்துள்ள திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் சற்றேறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அந்தச் சாலையில் இரு திசைகளிலும் மனிதர்கள் வேலை தேடிப் பயணம் செய்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கிய காலந்தொட்டு, கொரிய நாட்டுப் பொறியாளர்கள் வேலை விசா பெற்று இங்கு வந்து தங்குகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளோ வளைகுடாவிற்கும் மலேசியாவிற்கும் புறப்படுகின்றனர். வருபவர், போவோர் ஆகிய இரு சாராரும் ஒரு கண்ணாடித் தடுப்பிற்கு முன் நின்று ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறார்கள்: “எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள்?”

அந்த முகப்பில் நிற்கும் சில நிமிடங்கள் எத்தனை கனமானவை என்பதை இக்கட்டுரையாளன் அறிவான். பல ஆண்டுகளுக்கு முன் வளைகுடா விமான நிலையம் ஒன்றில், “என்ன வேலைக்கு வந்திருக்கிறாய்?” என்று அதிகாரி கேட்டார். முகவர் சொல்லி அனுப்பியது ஒரு வேலை. அரபியில் அச்சிட்ட தாளில் இருந்தது வேறொரு வேலை. வாய் ஒன்று சொல்ல, தாள் ஒன்று சொல்ல, விடியும்வரை பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். இந்தக் கேள்வி எப்போது பிறந்தது என்று தேடத் தூண்டியது அந்த இரவுதான்.

இப்னு பதூதாவிடம் கேட்ட கேள்வி

மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா ஹிஜ்ரி 734ஆம் ஆண்டு முஹர்ரம் முதல் நாள், அதாவது 1333 செப்டம்பரில், சிந்து நதிக்கரையை அடைந்தார். அதற்கு முன்பே எகிப்து – சிரியா எல்லையில் கத்யா என்னும் சாவடியை அவர் கண்டிருந்தார். அனுமதிச் சீட்டின்றி எவரும் அதைக் கடக்க இயலாது. இரவில் பாலை மணலைச் சமன் செய்து வைத்துவிட்டு, காலையில் அதில் காலடித் தடம் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம்.

முல்தானில் நடந்தது இன்றைய வேலை விசா விசாரணையை ஒத்தது. வந்த அந்நியர் யார், அவருடைய தோற்றம் எப்படி, உடன் வந்தோர் எத்தனை பேர் என்ற விவரங்கள் எழுதப்பட்டு டில்லிக்கு அனுப்பப்பட்டன. தங்கிப் பணிபுரிய வந்தவரா, திரும்பிச் செல்பவரா என்றும் கேட்கப்பட்டது. சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் பணியில் சேரவே வந்ததாக இப்னு பதூதா கூற, காஜியின் முன்னிலையில் அதற்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. பின்னர் டில்லியில் காஜியாகப் பணியாற்றிய அவர், நம் தமிழகத்தின் மதுரை வரையிலும் வந்து சென்றார். ஆக, இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ 700 ஆண்டுகள்.

பதிவேட்டில் எழுதப்பட்ட செங்கற்பட்டு ஜில்லா

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கேள்வி ஏழையின் மீது இறங்கியது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல், ஒப்பந்தக் கூலிகளின் முதல் தொகுதியை தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கப்பலேறுவதற்கு முன் ஒவ்வொருவரின் பெயரும், தந்தை பெயரும், வயதும், சாதியும், ஜில்லாவும், கிராமமும், உடலிலுள்ள தழும்பும்கூடப் பதிவு செய்யப்பட்டன. திருப்பெரும்புதூரை உள்ளடக்கிய அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்தும் மக்கள் இவ்வாறு சென்றனர். “விரும்பித்தான் போகிறாயா?” என்று அதிகாரி கேட்க வேண்டும் என்பது சட்டம். படிப்பறியாத ஏழை, தரகர் சொல்லிக் கொடுத்தபடி “ஆம்” என்றான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கரும்புத் தோட்டத்தில் இறங்கிய பின்னரே அறிந்தான். அதே பதிவேடுகளைக் கொண்டு இன்று அவர்களுடைய கொள்ளுப் பேரர்கள் தங்கள் பூர்வீகக் கிராமத்தைத் தேடி வருகிறார்கள் என்பது வரலாற்றின் விந்தை.

பள்ளிவாசல் முற்றத்தில் எரிந்த சான்றிதழ்கள்

கூலிகளைத் தொடர்ந்து வணிகர்களும் சென்றனர். அவர்களைத் தடுக்க நேட்டால் அரசு 1897இல் ஒரு சட்டம் இயற்றியது. அதில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று மட்டும் இருந்தது. பெயர் சொல்லாமலே விலக்கும் வழி அது.

டிரான்ஸ்வால் பகுதியில் ஆசியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தியடிகளின் தலைமையில் சமுதாயம் ஒன்றுபட்டு எதிர்த்தது. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹமீதியா பள்ளிவாசல் முற்றத்தில் மக்கள் திரண்டனர். பெரிய இரும்புக் கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் தம்பி நாயுடு போன்ற தமிழர்களும் தோளோடு தோள் நின்ற போராட்டம் அது. எல்லையில் கேட்கப்படும் கேள்வி அவமதிப்பாக மாறும்போது, அதற்கு விடை தனி மனிதன் தருவதல்ல, சமுதாயம் தருவது என்பதை அந்த முற்றம் காட்டியது.

கரை இறங்காத கப்பலும் மண்டபம் முகாமும்

1914 மே 23ஆம் நாள் ‘கொமகட்டா மாரு’ கப்பல் 376 பயணிகளோடு கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்திருக்க வேண்டும், கையில் 200 டாலர் இருக்க வேண்டும் என்பன அந்நாட்டு விதிகள். இந்தியாவிலிருந்து நேரடிக் கப்பலே ஓடாதபோது முதல் விதியை யார் நிறைவேற்ற இயலும்? முன்பே கனடாவில் குடியிருந்த சிலரைத் தவிர ஏனையோர் இரண்டு மாதம் கப்பலிலேயே காக்க வைக்கப்பட்டு, ஜூலை 23இல் திருப்பி அனுப்பப்பட்டனர். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016ஆம் ஆண்டில்!

நம் கரையிலோ, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இலங்கை அரசே முகாம் அமைத்துத் தடுத்து வைத்துச் சோதித்தது. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் பினாங்கு சென்ற மேல்தளப் பயணிகள் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமைக் கடக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அதே மண்டபம் முகாம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கும் அகதிகளுக்கும் புகலிடமாயிற்று.

சலுகை உரிமையானது

விடுதலைக்குப் பின்னரும் கடவுச்சீட்டு வழங்குவது அரசின் விருப்பமாகவே இருந்து வந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டியே அவ்வாண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு அந்த உரிமையை மேலும் உறுதி செய்தது.

வளைகுடாப் பயணம் பெருகவே, 1922ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. நம் பிள்ளைகள் ‘இ.சி.ஆர்.’ என்று சொல்லும் முத்திரை அதன் விளைவே. படிப்புக் குறைந்தவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். 2007 முதல் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. “பத்தாவதையாவது முடித்துவிடு” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அனுமதி வீண் தொல்லை என்று கருதுவோர் உண்டு. ஒப்பந்தமும் சம்பளமும் பதிவாகி, முதலாளி ஏமாற்றினால் தூதரகத்தில் முறையிட அது சான்றாக நிற்கிறது. சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்னும் முகவர் அந்தச் சான்றைத்தான் முதலில் பறிக்கிறார்.

கேள்வி திரும்பி வருகிறது

இந்தக் கேள்வியை நம் நாடும் பிறரிடம் கேட்கிறது. வணிக விசாவில் வந்து தொழில் திட்டங்களில் வேலை செய்த வெளிநாட்டினர், பெரும்பாலும் சீனர், முறையான வேலை விசா பெற்று வருமாறு 2009இல் இந்திய அரசு உத்தரவிட்டது.

2025 செப்டம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாய் – எல்.ஜி. நிறுவனங்கள் கட்டிவந்த மின்கலத் தொழிற்சாலையில் அந்நாட்டுக் குடிவரவு அதிகாரிகள் நுழைந்து 475 பேரைக் காவலில் எடுத்தனர். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். வணிக விசாவிலும் விசா விலக்கிலும் வந்து இயந்திரம் பொருத்தலாமா என்பதே தகராறு. விலங்கிடப்பட்டுக் கொண்டு செல்லப்பட்ட அவர்களைக் கொரிய அரசு தனி விமானம் அனுப்பி அழைத்து வந்தது. வணிக விசாவில் வருவோர் இயந்திரங்களைப் பொருத்தவும் பழுது நீக்கவும் செய்யலாம் என்று அதன் பிறகே இரு நாடுகளும் பேசித் தெளிவுபடுத்திக் கொண்டன. நம் தெருக் கடையில் தேநீர் அருந்தும் கொரியப் பொறியாளருக்கும், ரியாத்தில் நிற்கும் நம் தம்பிக்கும் ஒரே ஆபத்து உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? கேள்வி எப்போதும் எளியது. தாளும் வாயும் வேறுபடும் இடத்தில்தான் அது வலையாகிறது. எனவே பயணம் செய்வோர், தாம் கையொப்பமிடும் ஒப்பந்தத்தைத் தமிழில் பொருள் கேட்டறிந்து, விசாவிலுள்ள தொழிலின் பெயரை மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். ஆவணங்களின் நகலை வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும். அதிகாரி கேட்டால் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும்.

நம் ஜமாஅத்தில் அரபி அறிந்த ஆலிம்களும் ஆங்கிலம் அறிந்த பட்டதாரிகளும் இருக்கிறார்கள். ஜும்ஆ தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, புறப்படும் பிள்ளைகளின் தாள்களைப் படித்துச் சொன்னால், ஒருவராவது அந்தப் பெஞ்சில் விடியும்வரை உட்காராமல் தப்புவார். நிர்வாகக் குழு இதனைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.