ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு



விதைநேர்த்தி, உரம், பூச்சிமருந்து பற்றியெல்லாம் அடிக்கடி பேசுகிறோம். இன்றைக்குக் கொஞ்சம் பணத்தைப் பற்றிப் பேசலாம். வெள்ளாமை எடுப்பது ஒரு பாடு என்றால், அதை விற்றுக் கையில் வந்த நாலு காசைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரும் பாடு. களத்து மேட்டில் எலிக்கும் குருவிக்கும் காவல் இருக்கிறோம். ஆனால் நெல்லு பணமாகிவிட்டால் காவலை மறந்துவிடுகிறோம். அந்தக் காவல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. கட்டுக்கதை இல்லை, நம்ம சென்னைப் பட்டணத்திலேயே நடந்த சரித்திரம்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் மூன்று கம்பெனிகளுக்குப் பெரிய பேர் இருந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட். இதில் ஆர்பத்நாட் கம்பெனி வியாபாரமும் செய்தது, ஜனங்களிடம் டிபாசிட் வாங்கிப் பாங்கித் தொழிலும் செய்தது. சுமார் நூறு வருஷப் பழமை. முதலாளி ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பட்டம் பெற்றவர், பட்டணத்துப் பெரிய மனிதர்களில் ஒருவர். மற்ற பாங்கிகளைவிட வட்டியும் கூடுதல். அப்புறம் கேட்பானேன்! உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள், மிராசுதார்கள், விதவைப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் தங்கள் சேமிப்பைக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். ‘ஆர்பத்நாட்டில் இருக்கிறது’ என்றால் பெட்டியில் பூட்டி வைத்த மாதிரி என்று நம்பிக்கை.

1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி, திங்கட்கிழமை. கம்பெனி நொடித்துவிட்டது, இனிமேல் பணம் கிடையாது என்று சேதி வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபாடியன் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். என்ன நடந்தது என்றால், இங்கே ஜனங்கள் போட்ட பணம் லண்டனுக்குப் போயிருக்கிறது. அங்கே விலை ஏறும், இறங்கும் என்று யூகத்தின் பேரில் செய்கிற வியாபாரத்தில் போய்ச் சிக்கியிருக்கிறது. கம்பெனி உள்ளுக்குள்ளே வெகுநாளாகவே செல்லரித்துப் போயிருந்தது. அப்படியும் வெளியே காட்டிக்கொள்ளாமல் புது டிபாசிட்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். வழக்கு நடந்தது. ஸர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் முதலாளி ஜெயிலுக்குப் போனதால் போட்டவன் பணம் முழுசாகத் திரும்பிவிடுமா?

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நம்ம பாஷையிலேயே சொல்கிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், வாரத்துக்கும் விடலாம் இல்லையா? குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசின அளவை அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. அமோகமாக விளைந்தால் அமோகமான பங்கு, சாவியாய்ப் போனால் வைக்கோல்தான். பணத்திலும் இதே கதைதான். டிபாசிட் என்பது குத்தகை. கம்பெனிப் பங்கு, அதாவது ஷேர் வாங்குவது வாரம். இரண்டும் நேர்மையான முறைகள்தான். எதில் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்கினால் தப்பில்லை.

ஆர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் குத்தகைக்கு விட்டதாகத்தான் நினைத்தார்கள். உண்மையிலே அவர்கள் பணம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு காட்டில் வாரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நல்லா விளைந்திருந்தால் அந்த லாபம் கம்பெனிக்கு, இவர்களுக்குப் பேசின வட்டி மட்டும். விளையாமல் போனதால் நஷ்டம் முழுக்க இவர்கள் தலையில். குத்தகைப் பணம் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், ‘என் நிலத்தில் என்ன பயிர் வைக்கப் போறீங்க, எதிலிருந்து அளப்பீங்க?’ என்று கேட்போமா மாட்டோமா? பணத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அந்த இடி விழுந்த பிறகு நல்லதும் ஒன்று நடந்தது. பணம் இழந்தவர்களுக்காக முன்னின்று போராடியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற புகழ்பெற்ற வக்கீல். நம்மவர் பணத்தை நம்மவரே நிர்வகிக்கும் ஒரு பாங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கிளம்பினார்கள். நகரத்தார்களும் கை கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்தியன் பாங்கி. 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்டு 15-ந் தேதி வேலையைத் தொடங்கியது. 1969-ல் நாட்டுடைமை ஆயிற்று.

கிராமத்துப் பக்கத்திலும் அதே காலத்தில் ஒரு மாறுதல் நடந்தது. விவசாயி கந்துவட்டியில் மாட்டாமல் இருக்க என்ன வழி என்று சென்னை அரசாங்கம் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஆராயச் சொல்லியிருந்தது. அவர் ஐரோப்பாவிலே, முக்கியமாக ஜெர்மனியிலே, குடியானவர்களே கூடி நடத்தின கிராமக் கடன் சங்கங்களை நன்றாக ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் சூட்சுமம் என்னவென்றால், கடன் வாங்குகிறவன் யார், அவன் வயல் எது, எதற்காக வாங்குகிறான் என்பது ஊருக்கே தெரியும். லண்டனுக்குப் போன பணத்தைச் சென்னையில் யாரும் பார்க்கவில்லை. ஊர்ச் சங்கத்துப் பணம் எந்த வயலில் விதையாகப் போகிறது என்று எல்லாரும் பார்க்கலாம்.

அதற்காகப் பாங்கி என்று பேர் வைத்தாலே பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி விழுந்தது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் டிபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு 1962 ஜனவரி 1 முதல் வந்தது. ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. படிப்படியாக உயர்ந்து 2020 பிப்ரவரி முதல் ஒரு பாங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்ச ரூபாய் வரை என்று ஆயிற்று. ஒன்றை மனதில் முடிந்து வையுங்கள். இந்த இன்ஷூரன்ஸ் பாங்கிகளுக்குத்தான். ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டிபாசிட்டுக்கு இது பொருந்தாது. சங்கத்தை நம்பக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கே நமக்குக் காவல் நாம்தான். மகாசபைக் கூட்டத்துக்குப் போங்கள், கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை, இப்ப யாருங்க ஏமாறுவா?’ என்பீர்கள். ரொம்ப தூரம் போக வேண்டாம். 2012-ல் கொங்குச் சீமையில் ஈமுக் கோழி படுத்திய பாடு ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்கில் பணம் கட்டினால் குஞ்சு தருவோம், தீனி தருவோம், மாதாமாதம் பராமரிப்புக் கூலி, வருஷ முடிவில் போனஸ் என்றார்கள். மாட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டினவர்கள் உண்டு. மாதக்கூலியும் சில காலம் ஒழுங்காக வந்தது. ஆனால் ஒரே ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவில்லை. ‘இந்தக் கோழிக்கறியை எந்தச் சந்தையில் யார் வாங்குகிறார்கள்?’ சந்தையே இல்லை. பின்னால் வந்தவன் கட்டிய பணம்தான் முன்னால் வந்தவனுக்குக் கூலியாக வந்தது. புதுசாக ஆள் வருவது நின்றது, கூலியும் நின்றது. தீனி இல்லாமல் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி போட வேண்டியதாயிற்று. ஆர்பத்நாட்டுக்கும் ஈமுவுக்கும் இடையே நூற்றுச் சொச்ச வருஷம். ஆனால் நோய் ஒன்றேதான். வாயில் வந்த வட்டியைப் பார்த்தார்கள், வட்டி விளைகிற வயலைப் பார்க்கவில்லை.

சரி, நாம என்ன செய்யலாம்?

முதலாவது, பணத்தை நெல்லு மாதிரி மூன்றாகப் பிரியுங்கள். விதைநெல், வீட்டு நெல், விற்கிற நெல். அடுத்த போகத்துக்கு உழவுக்கும் உரத்துக்கும் வேண்டிய பணம் விதைநெல். அதைத் தொடவே கூடாது, கேட்ட நாளில் கிடைக்கிற சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வைத்தியச் செலவுக்கு உள்ளது வீட்டு நெல். அது பாங்கி டிபாசிட், தபாலாபீஸ் சேமிப்பு என்று குத்தகையாகவே நிற்கட்டும். இதற்கெல்லாம் போக மிஞ்சினது ஏதாவது இருந்தால், பல வருஷத்துக்குத் தேவைப்படாது என்றால், அதில் ஒரு பகுதியை ஷேரிலோ மியூச்சுவல் பண்டிலோ வாரத்துக்கு விடலாம். கடன் வாங்கி வாரத்தில் இறங்கவே இறங்காதீங்க. ஷேர் விலை விழுந்துவிட்டது என்று கடன்காரன் காத்திருக்க மாட்டான்.

இரண்டாவது, ஊரில் எல்லாரும் தரும் வட்டியைவிட ஒருவர் நிறையத் தருகிறார் என்றால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்குகிற மாதிரிப் பதில் வரவில்லை என்றால் மரியாதையாகக் கும்பிடு போட்டு அனுப்புங்கள். சொல்கிறவர் சொந்தக்காரரா, பெரிய மனிதரா, கைப்பேசியில் வந்த கம்பெனியா என்பதெல்லாம் அப்புறம். ஸர் பட்டம் வாங்கினவரே கைவிட்ட கதையைத்தான் பார்த்தோமே.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீங்க. நஞ்சை கொஞ்சம், புஞ்சை கொஞ்சம், தொழுவத்தில் நாலு மாடு என்று வைத்திருக்கிற குடும்பம் ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் எழுந்து நிற்கும். பணத்துக்கும் அதுதான் நியாயம்.

நான்காவது, எழுத்து. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. ஏலச்சீட்டுச் சேர்ந்தால், 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று பதிவுத்துறையில் விசாரியுங்கள். கணக்கு எங்கே இருக்கிறது, யார் பேரை நியமனம் செய்திருக்கிறது என்று வீட்டுப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள். குடும்பத் தலைவர் போன பிறகு பாஸ்புத்தகத்தைத் தேடி அலைகிற குடும்பங்கள் நிறைய.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது செலவுக்கு மட்டுமில்லை, சேமிப்புக்கும்தான். இந்தப் போகம் விளைந்து, விலையும் கிடைத்து, கையில் பணம் வரும்போது, எவனாவது ஒருவன் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஆசை காட்டுவான். அப்போது அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுங்கள். குடித்து முடித்ததும், ‘வயல் எங்கே இருக்குங்க, போய்ப் பார்த்துட்டு வரலாமா?’ என்று கேளுங்கள்.